தெரபிஸ்ட்டின்ர லைசன்ஸ் கடல் தாண்டோணும், ஆனா சட்டப்படி தாண்டோணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

அமெரிக்காவில ஒக்கியுபேஷனல் தெரபிஸ்ட்மாருக்காக மாநிலங்கள் தங்களுக்குள்ள ஒரு லைசன்ஸ் ஒப்பந்தம் செய்திருக்கு, கொம்பக்ட் எண்டு சொல்லுவாங்க. அதைப் பற்றி திருகோணமலையில இருந்து ஏன் எழுதுறா எண்டு நீங்க கேக்கலாம். அந்த ஒப்பந்தத்தில இருக்கிற ஒண்டு ரெண்டு விதி இஞ்ச பாரிசவாதம் வந்து ஒரு கை விளங்காம இருக்கிற ஆக்களுக்கும், ஓட்டிசம் இருக்கிற பிள்ளைகளை வச்சுக்கொண்டு எங்க போறது எண்டு தெரியாம நிக்கிற தாய்மாருக்கும் நேரா பொருந்துது, அதை யாராவது அதிகாரத்தில இருக்கிறவங்க எடுத்துப் படிச்சுப் பாக்கோணும் எண்டுதான் எழுதுறன்.

முதல்ல இந்த தெரபி என்ன எண்டு சொல்லிட்டு போறன், ஏனெண்டா கனபேர் இதை பிசியோதெரபியோட சேர்த்துத்தான் நினைக்கிறாங்க. பிசியோ நடக்க வைக்கும், மூட்டை அசைக்க வைக்கும், பலம் ஏத்தும். ஒக்கியுபேஷனல் தெரபிஸ்ட் பாக்கிறது, அந்த மனுசன் வீட்டுக்கு போன பிறகு தன்ர வேலையை தானே செய்ய ஏலுமா எண்டு. ஒரு கையால சாரத்தை எப்பிடி இறுக்கிறது, கிணத்தடியில வாளியை எப்பிடி பிடிக்கிறது, குந்தி இருக்கிற கக்கூசுக்கு என்ன மாத்து வழி, வலது கை போனவர் சோத்தை எப்பிடி குழைச்சு சாப்பிடுறது, இதெல்லாம்தான் அவங்கட வேலை. சின்னப் பிள்ளை எண்டா பென்சில் பிடிக்கிறது, சட்டை பொத்தான் பூட்டுறது, சத்தத்துக்கு பயந்து காதைப் பொத்துற பிள்ளையை வகுப்பில இருத்திறது. கை விரல் மடங்கிப் போகாம இருக்க ஸ்பிளின்ற் எண்ட தாங்கு பட்டை செய்து போடுறதும் அவங்கதான்.

என்ர அக்காட மகள் வேர்ஜினியாவில இந்த வேலைதான் செய்யிறா. தாய் தகப்பனோட 90களில இஞ்ச இருந்து போனவ, படிப்பெல்லாம் அங்கதான். அவ சொல்லித்தான் எனக்கு இந்த லைசன்ஸ் கதையே தெரியும். அங்க பரீட்சை நாடு முழுக்க ஒண்டுதான், என்.பி.சி.ஓ.ரி. எண்ட சபை நடத்துது, அதில பாஸ் பண்ணினா எல்லா மாநிலமும் ஏற்கும், ஆனா லைசன்ஸ் மட்டும் மாநிலத்துக்கு ஒண்டு எடுக்கோணும். வேர்ஜினியாவுக்கும் மேரிலாந்துக்கும் நடுவில பொட்டோமாக் ஆறுதான் ஓடுது, இந்தப் பக்கம் குடியிருந்து அந்தப் பக்கம் வேலைக்கு போற ஆக்கள் எக்கச்சக்கம். அப்பிடி இருந்தும் இந்தக் கரை லைசன்ஸ் அந்தக் கரையில செல்லாது. அதே பரீட்சை, அதே பட்டம், அதே ஆள். திரும்ப விண்ணப்பம், திரும்ப காசு, பழைய மாநிலத்தில இருந்து கடிதம் வரும் வரைக்கும் காத்திருப்பு. ராணுவத்தில இருக்கிறவரை கலியாணம் கட்டின தெரபிஸ்ட்மார் பாடு இன்னும் மோசம், புருசனுக்கு மாற்றம் வரும்போதெல்லாம் இவங்களுக்கு வேலை நிண்டு போகும்.

இதுக்குத்தான் 2021இல கொம்பக்ட் வந்தது. முதல்ல சட்டமாக்கினது வேர்ஜினியா, மேரிலாந்தும் அதே வருஷம் சேர்ந்தது. 10 மாநிலம் சேர்ந்தாத்தான் ஒப்பந்தம் அமுலுக்கு வரும் எண்டு எழுதி வச்சிருந்தாங்க, அது சேர்ந்து இப்ப 30க்கு மேல மாநிலங்கள் இருக்கு. ஒவ்வொரு மாநிலத்தின்ர சட்டசபையும் ஒரே வாசகத்தை சட்டமா நிறைவேத்தோணும், தங்கட விருப்பத்துக்கு மாத்தி எழுத ஏலாது. தெரபிஸ்ட் தான் குடியிருக்கிற மாநிலத்தில முழு லைசன்ஸ் வச்சிருக்கோணும், அதில தண்டனையோ கட்டுப்பாடோ இருக்கக்கூடாது, கைரேகை குடுத்து எஃப்.பி.ஐ. சோதனை முடிச்சிருக்கோணும். பிறகு ஒப்பந்தத்தில இருக்கிற வேற மாநிலத்துக்கு புதுசா லைசன்ஸ் தேவையில்ல, அங்க வேலை செய்யிற உரிமையை கட்டணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம். உதவித் தெரபிஸ்ட்மாருக்கும் இது பொருந்தும். வீடியோ மூலம் செய்யிற தெரபியும் இதுக்குள்ளதான் வருது.

நான் முக்கியமா சொல்ல வந்த விதி இதுக்கு அடுத்தது. சிகிச்சை நடக்கிற இடம் எது எண்டா, நோயாளி அந்த நேரம் எங்க இருக்கிறாரோ அதுதான். தெரபிஸ்ட் எந்த ஊர் கதிரையில இருந்து கமராவைப் பாத்தாலும் சரி, நோயாளி இருக்கிற மாநிலத்தின்ர சட்டத்துக்குத்தான் அவ கட்டுப்படோணும். அவ பிழை செய்தா அந்த மாநிலம் விசாரிச்சு அங்க வேலை செய்யிற உரிமையை பறிக்கலாம், அந்த விபரம் எல்லா மாநிலமும் பாக்கிற பொதுப் பதிவில ஏறும், சொந்த மாநில லைசன்ஸுக்கு கட்டுப்பாடு விழுந்தா மற்ற இடத்து உரிமையெல்லாம் சேர்ந்தே போயிடும். ஒரு இடத்தில பிடிபட்டு இன்னொரு இடத்தில பெயர்ப்பலகை மாட்ட வழியில்ல. வேலைக்கு போறவங்களுக்கு வசதி எண்டு மட்டும்தான் இந்த ஒப்பந்தத்தைப் பற்றி எல்லாரும் கதைக்கிறாங்க, எனக்கு அதை விட பெரிசா படுறது நோயாளிக்கு கிடைக்கிற இந்தப் பாதுகாப்புத்தான்.

எங்கட வீட்டு விஷயத்தில இதை நேராவே கண்டன். என்ர அண்ணாவுக்கு பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்திட்டுது. ஆஸ்பத்திரியில நல்லாத்தான் பாத்தாங்க, குறை சொல்ல ஒண்டுமில்ல, ஆனா வீட்டுக்கு வந்த பிறகு தெரபிக்கு கிழமைக்கு கிழமை கூட்டிக்கொண்டு போறது லேசான வேலையா? ஓட்டோவில ஏத்தி இறக்க ரெண்டு ஆம்பிளை வேணும். அப்ப எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தம், எங்கட பிள்ளையே தெரபிஸ்ட் தானே, வட்ஸ்அப் வீடியோவில அவ சொல்லட்டும் நாங்க செய்வம் எண்டு. அவ மாட்டன் எண்டிட்டா. "சித்தி, நான் மாமாவோட தினமும் கதைப்பன், மாமிக்கு தைரியம் சொல்லுவன், ஆனா கையைப் பாத்து இதைச் செய்யுங்க அதைச் செய்யுங்க எண்டு சொல்ல எனக்கு அங்க உரிமை இல்ல. பிழைச்சா நீங்க யாரிட்ட போய் கேப்பீங்க?" எண்டு கேட்டா. அண்ணிக்கு சரியான கோவம், சொந்த மாமாவுக்கு செய்யாத படிப்பு என்ன படிப்பு எண்டு பேசிப் போட்டா, கன நாள் போன் எடுக்கேல்ல. எனக்கும் மனசு நொந்ததுதான், ஆனா அந்தப் பிள்ளை கேட்ட கேள்வியை என்னால தட்ட ஏலாம போச்சு.

ஏனெண்டா அதே கேள்விக்கு பதில் இல்லாம நிண்ட ஒரு குடும்பத்தையும் எனக்கு தெரியும். அவங்களும் பாரிசவாத நோயாளி வச்சிருக்கிற ஆக்கள், ஒன்லைனில தெரபி குடுக்கிறம் எண்டு விளம்பரம் பாத்து மாசக் காசு கட்டி சேர்ந்தாங்க. மறுபக்கத்தில இருந்தவர் கயித்தையும் கப்பியையும் கூரையில கட்டச் சொல்லி விளங்காத கையை தலைக்கு மேல இழுத்து இழுத்து பயிற்சி குடுத்திருக்கிறார். பாரிசவாதம் வந்த தோளுக்கு அப்பிடி செய்யக்கூடாது எண்டு தெரபி படிச்ச எல்லாருக்கும் தெரியும், தசை பிடிப்பில்லாம தொங்கிற மூட்டு, இழுத்தா விலகும், நோ தாங்க ஏலாது. அந்த மனுசன் இப்ப தோளைத் தொடவே விடுறாரில்ல. அந்த ஒன்லைன்காரர் எங்க படிச்சவர், எந்தக் கவுன்சிலில பதிவு, எதுவும் தெரியாது, போன் நம்பரும் இப்ப வேலை செய்யேல்ல. சட்டத்துக்கு பயந்த நல்ல தெரபிஸ்ட் ஒதுங்கி நிக்கிறா, பயமில்லாத ஆள் உள்ள வந்து காசு வாங்கிக்கொண்டு போறார், இதுதான் இப்ப நடக்குது. கதவை யாரும் சட்டப்படி திறக்காததால இப்பிடி ஆகுது எண்டுதான் நான் சொல்லுவன்.

எங்கட நாட்டுக்குள்ள மாகாண எல்லையால லைசன்ஸ் பிரச்சினை இல்ல, அதை ஒத்துக்கொள்ளோணும். இலங்கை மருத்துவ சபையில பதிஞ்சா திருகோணமலையிலயும் செய்யலாம் காலியிலயும் செய்யலாம். எங்கட பிரச்சினை ஆக்கள் காணாது, அதிலயும் தமிழில செய்யக்கூடிய ஆக்கள் இன்னும் காணாது. பயிற்சி எண்டா கொழும்பு தேசிய வைத்தியசாலையோட இருக்கிற பாடசாலை, பட்டம் எண்டா களனிப் பல்கலைக்கழகத்தின்ர ராகம மருத்துவ பீடம், ரெண்டும் மேல் மாகாணம். கிழக்கில இருந்து போய் படிச்சு திரும்பி வந்து இஞ்சயே நிக்கிற பிள்ளைகள் குறைவு. சிங்களப் பகுதியில இருந்து இஞ்ச வந்து வேலை செய்யிற பிள்ளைகளை நான் ஒருநாளும் குறைவா சொல்ல மாட்டன், தெரிஞ்ச நாலு தமிழ்ச் சொல்லை வச்சுக்கொண்டு எவ்வளவு பொறுமையா செய்யிறாங்க எண்டு கண்ணால கண்டிருக்கிறன். ஆனா இந்தத் தெரபி கதைக்கிறதிலதான் தங்கியிருக்கு. பாரிசவாதம் வந்த ஆளுக்கு சில நேரம் பேச்சே வராது, வாற அரைச் சொல்லை பிடிச்சுத்தான் அவருக்கு என்ன வேணும் எண்டு கண்டுபிடிக்கோணும், அதுக்கு நடுவில இன்னொருத்தர் மொழிபெயர்த்தா என்ன மிஞ்சும்?

மொழி மட்டும் இல்ல, பழக்கவழக்கமும் இருக்கு. கிண்ணியாவிலயோ மூதூரிலயோ இருக்கிற ஒரு வாப்பா, வுழு எடுக்க, அதாவது தொழ முதல் கை கால் முகம் கழுவ, ஏலாம தொழுகைக்கு இருக்க ஏலாம போனதைத்தான் முதல்ல சொல்லி அழுவார், கை எத்தினை பாகை மேல போகுது எண்டது அவருக்கு ரெண்டாவது. நிலாவெளிப் பக்கம் கடலுக்கு போன ஆளுக்கு வலை பொத்த விரல் வேணும். எங்கட பெண்களுக்கு தேங்காய் துருவ ஏலாட்டி குசினிக்குள்ள தன்ர இடம் போன மாதிரி. திருவலையை மேசையில பூட்டி ஒரு கையால துருவ வழி இருக்கு எண்டு சொல்லிக் குடுக்க, திருவலை எப்பிடி இருக்கும் எண்டு தெரிஞ்ச தெரபிஸ்ட் வேணும். அப்பிடி தெரிஞ்சவங்க ரொறன்ரோவிலயும் லண்டனிலயும் மெல்பேணிலயும் சென்னையிலயும் வேலூரிலயும் இருக்கிறாங்க, தமிழ் கதைக்கிற, படிச்சு பதிவு செய்த தெரபிஸ்ட்மார். அவங்களில கொஞ்சப் பேர் கிழமையில ஒரு மணித்தியாலம் எங்கட நோயாளிகளுக்கு குடுக்க ஆசைப்படுறாங்க எண்டும் எனக்கு தெரியும். அக்காட மகளும் அதில ஒருத்தி.

ரெண்டு நாட்டுக்கு இடையில இப்பிடி ஒப்பந்தம் ஏலுமா, அமெரிக்காவில எல்லாம் ஒரே நாடு தானே எண்டு யாரும் கேக்கலாம். ஏலும். அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1998இல இருந்து செய்துகொண்டிருக்கு, ஒரு நாட்டில பதிஞ்ச தெரபிஸ்ட் அந்தப் பதிவைக் காட்டி மற்ற நாட்டில பதியலாம். டொக்டர்மாரை அதில சேர்க்கேல்ல, தெரபிஸ்ட்மார் இருக்கிறாங்க. அவுஸ்திரேலியா தன்ர வீட்டை ஒழுங்குபடுத்தினதே பிறகுதான், முதல்ல மாநிலத்துக்கு மாநிலம் வேற வேற, சில மாநிலத்தில இந்தத் தொழிலுக்கு பதிவே இல்ல, 2012 ஜூலையிலதான் நாடு முழுக்க ஒரே பதிவேடு வந்தது. பிரித்தானியாவிலயும் ஒரே பதிவேடுதான், கனடாவில மாகாணத்துக்கு மாகாணம் வேற. இந்தியாவில இந்தத் தொழில்களுக்கான தேசியச் சட்டம் வந்ததே 2021இல, மாநிலம் மாநிலமா கவுன்சில் அமைக்கோணும் எண்டு அது சொல்லுது. அதால தமிழ்நாட்டோட நாளைக்கே கையெழுத்து வைக்கலாம் எண்டு நான் சொல்லேல்ல, பதிவேடு ஒழுங்கா இருக்கிற இடத்தோடதான் ஒப்பந்தம் செய்ய ஏலும். பதிவேடு நல்லா இருக்கிற நாடுகளில இருந்து தொடங்குங்க எண்டுதான் கேக்கிறன்.

நான் நினைக்கிற முறை பெரிசா ஒண்டுமில்ல. வெளிநாட்டில பதிவு இருக்கிற, அங்க எந்த ஒழுக்காற்று நடவடிக்கையும் இல்லாத தெரபிஸ்ட்டுக்கு மருத்துவ சபை ஒரு மட்டுப்படுத்தின பதிவு குடுக்கட்டும், வீடியோ மூலம் மட்டும், இஞ்ச இருக்கிற ஆஸ்பத்திரி தெரபிஸ்ட்டோடயோ டொக்டரோடயோ சேர்ந்து மட்டும். நோயாளி இலங்கையில இருக்கிறதால இலங்கைச் சட்டம், முறைப்பாடு வந்தா மருத்துவ சபை விசாரிக்கும், விசாரிச்ச முடிவை அந்த ஆளின்ர சொந்த நாட்டு சபைக்கு அனுப்பும், அவங்களும் அதே மாதிரி எங்களுக்கு அனுப்போணும். முதல் தரம் நோயாளியை நேர தொட்டுப் பாக்கிறது இஞ்ச இருக்கிறவங்க, ஸ்பிளின்ற் செய்யிறதும் இஞ்சதான், அதை கமராவால செய்ய ஏலாது. வெளிநாட்டில இருக்கிற தெரபிஸ்ட்டின்ர வேலை, வீட்டுப் பயிற்சியை தமிழில சொல்லிக் குடுத்து தொடர்ந்து பாக்கிறது. குச்சவெளி, வெருகல் பக்கமெல்லாம் சிக்னல் பிரச்சினை இருக்கு, அங்க பிரதேச ஆஸ்பத்திரியில ஒரு அறையும் ஒரு ரப்லட்டும் வச்சாலே காணும்.

இதுக்கு எதிர்ப்பு வரும் எண்டு எனக்கு தெரியும். இந்தியாவோட எட்கா எண்ட பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு ஒப்பந்தம் எண்டு கதை வந்த நேரமெல்லாம் எங்கட தொழில்காரர் வெளியில இருந்து ஆக்கள் வந்து வேலையை பிடிச்சிடுவாங்க எண்டு கொதிச்சவங்க. அந்தப் பயத்தில நியாயம் இல்ல எண்டு சொல்ல மாட்டன், படிச்சிட்டு நியமனம் வரும் வரைக்கும் காத்திருக்கிற பிள்ளைகளுக்கு அது வயித்துப் பாடு. அதாலதான் மட்டுப்படுத்தின பதிவு எண்டு சொல்றன், இஞ்ச வந்து கிளினிக் போட அனுமதி இல்ல, ஆஸ்பத்திரி ஆளணியில ஒரு இடத்தையும் நிரப்பக்கூடாது. இன்னொரு பயமும் இருக்கு, அது எனக்கும் இருக்கு. 2022 நெருக்கடிக்கு பிறகு எத்தினை டொக்டர், நேர்ஸ் இந்த நாட்டை விட்டுப் போனாங்க எண்டு எல்லாருக்கும் தெரியும், வெளிநாட்டு சபையோட உறவு வச்சா எங்கட தெரபிஸ்ட்மாருக்கும் கதவு லேசா திறந்திடுமோ எண்டு. ஒப்பந்தத்தை எழுதுற விதத்தில அதை கட்டுப்படுத்தலாம், வீடியோ சேவைக்கு மட்டும் எண்டு எழுதினா அதால குடிபெயர ஏலாது. ஆனா போறவங்களை ஒப்பந்தம் இல்லாட்டியும் பிடிச்சு வைக்க ஏலாது, சம்பளமும் வேலை இடமும் சரியா இருந்தா நிப்பாங்க.

இன்னொண்டையும் சொல்லோணும். கொம்பக்ட்டால அமெரிக்காவில ஒரு தெரபிஸ்ட் கூட புதுசா உருவாகேல்ல, இருக்கிறவங்க அங்கால இஞ்சால போக மட்டும்தான் அது வழி. சட்டம் வந்த கையோடயும் ஓடத் தொடங்கேல்ல, எல்லா மாநிலத்துக்கும் பொதுவா ஒரு ஆணைக்குழு அமைச்சு விதி எழுதி பொதுப் பதிவைக் கட்டி முடிக்கிறது வருஷக்கணக்கா எடுக்கிற வேலை. சேராம நிக்கிற மாநிலங்களும் இருக்கு. அதால எங்களுக்கும் அசல் மருந்து உள்ளூரில ஆக்களை படிப்பிக்கிறதுதான். கோணேசபுரியில கிழக்குப் பல்கலைக்கழகத்தின்ர திருகோணமலை வளாகம் இருக்கு, சித்த மருத்துவம் அங்க படிப்பிக்கிறாங்க, ஏன் ஒக்கியுபேஷனல் தெரபிக்கு ஒரு பட்டப்படிப்பு தொடங்கக்கூடாது? உலக ஒக்கியுபேஷனல் தெரபிஸ்ட் சம்மேளனத்தின்ர தரப்படி மாணவர் குறைஞ்சது 1000 மணித்தியாலம் நோயாளிகளோட நேரடிப் பயிற்சி எடுக்கோணும். அதுக்கு இஞ்ச நோயாளிகளுக்கு பஞ்சமே இல்ல, 30 வருஷ யுத்தமும் சுனாமியும் கண்ட மண், கால் கை இழந்தவங்க முள்ளந்தண்டு அடிபட்டவங்க இண்டைக்கும் சம்பூர், ஈச்சிலம்பற்றை பக்கமெல்லாம் வீட்டுக்குள்ளயே இருக்கிறாங்க. இதை கேக்கும்போது சிலர் காசில்ல எண்டுவாங்க. படிப்பு தொடங்க காசும் வருஷமும் வேணும்தான், ஆனா பதிவு விதியை திருத்த அவ்வளவு காசு வேண்டாம், மனசும் ஒரு நல்ல சட்ட வரைவாளரும் வேணும்.

எங்கட மாவட்டத்து பாராளுமன்ற உறுப்பினர்மார் சுகாதார அமைச்சரிட்ட இதை கேள்வியா கேக்கோணும், வெளிநாட்டில பதிஞ்ச தெரபிஸ்ட் இலங்கையில இருக்கிற நோயாளியை வீடியோவில பாக்க இப்ப என்ன விதி, இல்லாட்டி எப்ப எழுதுவீங்க எண்டு, பதில் ஹன்சாட் எண்ட பாராளுமன்றப் பதிவில ஏறுற மாதிரி. கிழக்கு மாகாண சுகாதாரத் திணைக்களம் அதுக்கு முதல் செய்யக்கூடிய வேலை ஒண்டு இருக்கு, மாகாணத்தில இந்தத் தெரபி தேவைப்படுறவங்க எத்தினை பேர், எந்தப் பிரதேசம், எந்த மொழி, இப்ப யார் பாக்கிறாங்க எண்டு எம்.ஓ.எச். எண்ட சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு பிரிவா கணக்கெடுத்து வெளியில விடோணும். புலம்பெயர்ந்து இருக்கிற எங்கட தெரபிஸ்ட்மாரும் தனித்தனியா போனில உதவி செய்யிறதை விட்டு, அங்க இருக்கிற தங்கட சங்கங்கள் மூலமா மருத்துவ சபைக்கு எழுதினா இஞ்ச கேக்கிற எங்கட குரலுக்கும் பலமா இருக்கும். உங்கட பத்திரிகையும் மருத்துவ சபையிட்ட இது பற்றி நேரா கேட்டு, அவங்க சொல்ற பதிலை அப்பிடியே பிரசுரிச்சா இஞ்ச கனபேர் வாசிக்க காத்திருக்கிறம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
உப்புவெளி,
திருகோணமலை.